பூஜ்யத்தை உற்பத்தி செய்யும் வினாநிரல்

2013, 2018 ஆகிய ஆண்டுகளில் நடத்தப்பட்ட இரு கணக்கெடுப்புகளிலும் சேர்த்து, கையால் மலம் அள்ளும் தொழிலில் ஈடுபட்டோர் என நாடு முழுவதும் அடையாளம் காணப்பட்டவர்கள் 58,098 பேர். உத்தரப் பிரதேசத்தில் 32,473 பேர், தமிழ்நாட்டில் 398 பேர், சத்தீஸ்கரில் வெறும் 3 பேர். அதே ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் அளித்துவரும் வேறொரு பட்டியலும் உண்டு. 1993-க்குப் பிறகு பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி மாண்டோரின் பட்டியல் அது. அதில் முதலிடத்தில் நிற்பது தமிழ்நாடு. தொழில் செய்பவர்கள் நானூறு பேர்கூட இல்லாத மாநிலத்தில்தான் அத்தொழிலால் சாவோர் அதிகம் என்றால், இரண்டில் ஒரு பட்டியல் பொய் என்று சொல்லிக் கடந்துவிடத் தோன்றும். சிக்கல் அதைவிட ஆழமானது. தத்தம் படிவத்தின் வரம்புக்குள் இரண்டுமே சரியாக இருக்கக்கூடும்.

சமூகப்பணி, சமூகவியல், சட்டம் பயிலும் மாணவர்கள் பலர் இப்போது தூய்மைப் பணியாளர்களைத் தம் ஆய்வேட்டுக்குப் பொருளாகக் கொள்கின்றனர். வழக்குக்குப் பயன்படுமா என்று கேட்டு அவற்றின் வரைவுகளை என்னிடமும் கொண்டுவருகின்றனர். அக்கறைக்கு அவற்றில் குறைவில்லை. ஆயினும் பல வரைவுகளில், அரசின் கணக்கெடுப்பு செய்த அதே பிழைகள் அரசின் உள்நோக்கம் ஏதுமின்றியே மீண்டும் நிகழ்ந்திருக்கின்றன. ஆகவே அந்தக் கணக்கெடுப்பை ஓர் ஆய்வுத் திட்டமாகக் கருதி வாசித்துப் பார்ப்பது பயன்தரும்.

முதலில் வரையறை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம், 'சுகாதாரமற்ற கழிப்பறை', அதன் கழிவு சென்று சேரும் திறந்த வடிகால் அல்லது குழி, இருப்புப்பாதை முதலிய இடங்களில் முழுமையாக மக்காத மலத்தைக் கையால் அகற்றுபவரையே கையால் மலம் அள்ளுபவர் என்கிறது. ஒன்றிய அரசு அறிவிக்கும் கருவிகளையும் பாதுகாப்பு உடையையும் பயன்படுத்தி மலத்தை அகற்றுபவர் அவ்வாறு கருதப்படமாட்டார் என்ற விளக்கமும் அதனுடன் இருக்கிறது. சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் இறங்குவது 'அபாயகரமான தூய்மைப்பணி' எனத் தனி வகையாகிவிட்டது. ஒரே மனிதர், ஒரே மலம். சட்டத்தில் இரண்டு பெயர்கள். 2021 ஜூலையில், கையால் மலம் அள்ளியதால் கடந்த ஐந்தாண்டுகளில் எவரும் இறக்கவில்லை என்று ஒன்றிய இணையமைச்சர் மாநிலங்களவையில் கூற முடிந்தது இந்தப் பிரிவினையால்தான். மலக்குழி மரணங்கள் வேறொரு தலைப்பின் கீழ் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன. சட்டத்தின் வரையறையை அப்படியே தன் ஆய்வின் வரையறையாக எடுத்துக்கொள்ளும் மாணவர், முதல் பக்கத்திலேயே முடிவுரையையும் எழுதிவிடுகிறார்.

அடுத்து, எண்ணுபவர் யார்? இக்கேள்வியை ஆய்வு முறையியல் வகுப்புகளில் போதிய அளவு எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி நகர்ப்புறத்தில் கணக்கெடுப்பை நடத்த வேண்டியது நகராட்சி நிர்வாகம். 5-ஆம் பிரிவு அத்தகைய பணியில் ஆளை அமர்த்துவதையே தடைசெய்கிறது. 8-ஆம் பிரிவு அதற்குச் சிறைத்தண்டனை விதிக்கிறது. அந்த மனிதரை நேரடியாகவோ ஒப்பந்ததாரர் மூலமாகவோ பணியில் அமர்த்தியிருப்பது பெரும்பாலும் அதே நகராட்சிதான். அவர் பட்டியல் சாதியினராயின், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(j) பிரிவும் சேர்ந்துகொள்ளும். அதாவது, பட்டியலில் ஏறும் ஒவ்வொரு பெயரும் பட்டியல் எழுதுபவருக்கு எதிரான சாட்சியம். குற்றம் சாட்டப்படக்கூடியவரின் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டு, எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று நாம் வியந்துகொண்டிருக்கிறோம்.

2018-இல் கணக்கெடுப்பு நடந்தது 18 மாநிலங்களின் 170 மாவட்டங்களில் மட்டுமே. அந்த மாவட்டங்களுக்கு வெளியே எவரும் கேட்கப்படவே இல்லை. ஆனால் 'கேட்கப்படவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் அட்டவணையில் ஒரே கட்டத்தில் விழுந்துவிடுகின்றன. சாதி பற்றிய தரவும் இவ்வாறே. 58,098 பேரில் 43,797 பேருக்கு மட்டுமே சாதி விவரம் இருந்தது. அவர்களுள் 42,594 பேர் பட்டியல் சாதியினர், அதாவது 97 விழுக்காட்டுக்கு மேல். இந்த விழுக்காட்டை நாம் அனைவரும் மேற்கோள் காட்டுகிறோம், நானும் காட்டியிருக்கிறேன். எஞ்சிய 14,301 பேரின் சாதி ஏன் பதிவாகவில்லை என்று கேட்க எனக்கு நெடுநாள் தோன்றவில்லை.

அரசை விட்டு நம் பக்கம் வருகிறேன். வடமாவட்ட நகரொன்றில் களப்பணி செய்த மாணவர் குழுவின் படிவத்தில் எட்டாவது கேள்வி, 'நீங்கள் கையால் மலம் அள்ளும் பணி செய்கிறீர்களா?' என்பது. ஏறத்தாழ அனைவரும் இல்லை என்றே விடையளித்திருந்தனர். காலை வருகைப் பதிவு நடக்கும் இடத்தில், மேஸ்திரி சில அடி தொலைவில் நிற்க, அக்கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. அதுமட்டுமன்று, தம் தெருவிலேயே இழிசொல்லாக வழங்கும் ஒரு பெயரைத் தானே ஏற்றுக்கொள்ளும்படி ஒருவரிடம் கேட்கும் கேள்வி அது. மறுமுறை அவர்கள் மாலையில் குடியிருப்புக்குச் சென்றார்கள். 'நேற்று எத்தனை மணிக்கு வேலைக்குப் போனீர்கள்?', 'பொதுக் கழிப்பறையில் அடைப்பு எடுக்க எதைப் பயன்படுத்துகிறீர்கள்?', 'கையுறை கடைசியாக எப்போது கொடுத்தார்கள்?', 'மழைக்காலத்தில் அந்த வேலை எப்படி மாறும்?' என்று கேட்டார்கள். அதே மனிதர்கள் ஒரு மணி நேரம் பேசினார்கள். வாளி, மூங்கில் கழி, மண்ணெண்ணெய் தடவிக்கொள்வது என எல்லாம் வந்தன. எந்த விடையிலும் 'மலம் அள்ளுதல்' என்ற சொல் இல்லை. விடைகள் முழுவதும் அதுவாகவே இருந்தன.

குஜராத்தில் நவசர்ஜன் அமைப்பு 1,589 கிராமங்களில் ஆய்ந்து 2010-இல் வெளியிட்ட தீண்டாமை அறிக்கை இந்த வழியில் சென்றது. தீண்டாமை இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்பதற்கு மாறாக, தண்ணீர், கோவில், தேநீர்க் குவளை என ஒவ்வொரு வழக்கத்தையும் தனித்தனியே கேட்டது. தலித் சாதிகளுக்குள்ளேயே நிலவும் தீண்டாமையையும் அது எண்ணியது. அருந்ததியர் குடியிருப்புகளில் களப்பணி செய்யும் நம் தோழர்கள் தம் படிவத்தில் இந்தப் பகுதியைச் சேர்க்கத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். இயக்கத்தின் ஒற்றுமைக்கு ஊறு நேரும் என்கிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு என்னால் உடன்பட இயலவில்லை.

வாய்மொழி மட்டும் போதாது என்பதை வழக்கறிஞனாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீதிமன்றத்தில் ஆய்வறிக்கை தன்னளவில் எதையும் மெய்ப்பிப்பதில்லை. கேள்விப்பட்டதை எழுதியது என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் ஒதுக்கும். ஆகவே களத்துக்குப் போகும் முன்பே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுக்களைப் போட்டுவிட வேண்டும்: ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள், கையுறையும் காலணியும் வாங்கிய பட்டியல்கள், ஊதியப் பதிவேடு, கழிவுநீர் ஊர்திகளின் இயக்கப் பதிவு. தொழிலாளி சொல்வதும் கோப்பு சொல்வதும் முரண்படும் இடத்தில்தான் வழக்கு பிறக்கிறது. அலைபேசியில் எடுத்த படங்களுக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தேவை. மூலக் கோப்பை அழித்துவிட்டு வாட்ஸ்அப்பில் வந்த நகலை வைத்துக்கொண்டு நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எழுதும் கட்டத்துக்கு வருகிறேன். இங்கே என் தவறையும் பதிவுசெய்ய வேண்டும். மேற்சொன்ன குழுவின் அறிக்கையில் ஒரு பெண் தொழிலாளியின் பெயர் மாற்றப்பட்டிருந்தது. புகார் மனுவுக்கு உதவும் என்று நான்தான் கழிப்பறை இருக்கும் இடத்தையும் வார்டு எண்ணையும் சேர்க்கச் சொன்னேன். அந்த வார்டில் பெண் தொழிலாளர் மூவர் மட்டுமே. அறிக்கை சுற்றுக்கு வந்த மறுநாளே ஒப்பந்ததாரருக்கு அது யாரென்று தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் அவருக்கு வேலை இல்லை. பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்பியது, மேசையில் அமர்ந்திருப்பவனின் நம்பிக்கை. அதன் பின்னர் விவரங்களை இரண்டாகப் பிரிக்கத் தொடங்கினோம். வெளியிடும் அறிக்கையில் இடம் கலைக்கப்பட்டிருக்கும். இடமும் பெயரும் கொண்ட வாக்குமூலம், அவரவர் விருப்பத்தின் பேரில், பிரமாணப் பத்திரமாக வழக்குக் கட்டில் மட்டும் இருக்கும்.

2023 அக்டோபர் 20 அன்று உச்சநீதிமன்றம், மலக்குழி மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்திய அதே தீர்ப்பில், புதிய தேசியக் கணக்கெடுப்பு ஒன்றுக்கு நடைமுறை வகுத்து ஓராண்டுக்குள் முடிக்கவும் பணித்தது. இழப்பீட்டுத் தொகை செய்தியாயிற்று, கணக்கெடுப்பு ஆகவில்லை. அதை யார் நடத்துவது, எந்த வரையறையில், எந்த இடத்தில் வைத்துக் கேட்பது என்பவற்றில் தொழிலாளர் அமைப்புகளுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. அதுவரை கையில் இருப்பது சட்டத்தின் 12-ஆம் பிரிவு. கணக்கெடுப்பு நடக்காத காலத்திலும் நகர்ப்புறத் தொழிலாளி ஒருவர் தன்னை அடையாளம் காணக் கோரி விண்ணப்பிக்கலாம். நிர்வாகம் பதினைந்து நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும். களப்பணி முடிந்து திரும்பும் குழு, விரும்புவோரின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தால், ஆய்வேட்டின் பின்னிணைப்புக்கு ஒப்புகைச் சீட்டுகளும் கிடைக்கும்.

வேலை இழந்த அந்தப் பெண்ணிடம் இரண்டாம் வரைவை நாங்கள் முழுவதும் வாசித்துக் காட்டினோம். தன் கணவரைப் பற்றிய பத்தியை எடுத்துவிடச் சொன்னார். கையுறை கேட்டபோது மேற்பார்வையாளர் தன்னிடம் சொன்ன சொல்லை நாங்கள் நாகரிகம் கருதி மாற்றி எழுதியிருந்தோம். அதை அவர் சொன்னபடியே போடச் சொன்னார்.