சிக்கனமான வெள்ளை

சிக்கனம் என்பது குறைந்த விலைக்குப் பொருள் வாங்குதலே என்று கருதுவோர் எம்மிற் பலர். நாமும் அக்கருத்துடையோராகவே இருந்தோம். கடந்த ஐப்பசியில் ஒரு தீந்தைப் பேணி எமக்கு வேறு பாடம் கற்பித்தது.

எமது தங்கை கட்டுகஸ்தோட்டையில் வசிக்கிறாள். அவளுடைய கணவர் கண்டி - நுவரெலியா வீதியில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் செந்நிற பஸ்வண்டியை நெடுங்காலம் ஓட்டியவர். மூன்றாண்டுகளுக்கு முன் காலமானார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த மருமகன், தந்தை ஓட்டிய வண்டியை 24இல் ஒரு பங்கு அளவில், வெள்ளைப் பிளாஸ்ரிக் தகடுகளால் அமைக்கத் தொடங்கினான். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம். சன்னல் ஒவ்வொன்றும் கத்தியால் அறுத்தெடுக்கப்பட்டது. தந்தையின் திவசத்துக்கு முன் அதை முடித்துவிட வேண்டுமென்பது அவன் விருப்பம்.

ஐந்து மாதங்களில் வண்டி உருவாயிற்று. 'ஏர்பிரஷ்' என்னும் காற்றுத் தூரிகையை நண்பனிடம் இரவல் பெற்றான். "மாமா, சிவப்புக்கு முதல் வெள்ளை அடிப்பூச்சு அடிக்கவேணும். அதற்கென்று விற்கிற சின்னப் போத்தல் பெரிய விலை. மலிவாக ஏதும் இருக்கிறதா?" என்று எம்மைக் கேட்டான்.

கல்லூரியில் இரசாயனம் கற்பிப்பவரிடம் கேட்ட கேள்வியல்லவா? மோட்டார் வாகனங்களுக்கு அடிக்கும் வெள்ளை லாக்கர் அடிப்பூச்சையும் தின்னரையும் பெருமையோடு வாங்கிச் சென்றோம். அன்று மாலை மழை பெய்துகொண்டிருக்க, விறாந்தையில் வைத்து, ஒரே தடவையில் மூடிவிட வேண்டுமென்று தாராளமாக அடிக்கச் செய்தோம். அரைமணி நேரத்தில் வண்டியின் கூரையோரம் மெழுகுபோல் இளகிச் சுருண்டது. பிள்ளை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிழை எம்முடையதே. அத்தகடு பொலிஸ்ரைரீன் என்னும் பிளாஸ்ரிக். தின்னரிலுள்ள தொலுயீன், அசற்றோன் போன்ற திரவங்கள் அதைக் கரைப்பன. கைதேர்ந்தோர் லாக்கரைப் பனிபோல் மெல்லெனத் தூவி, பிளாஸ்ரிக்கைத் தாக்குமுன் உலரவிடுவர். நாமோ குளிப்பாட்டிவிட்டோம். மழைநேரம் வேறு கேடு செய்தது. தின்னர் விரைந்து ஆவியாகையில் பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்றிலுள்ள நீர் அதிற் படிந்து பூச்சை வெளிறச் செய்கிறது. கரிய பூச்சிலாயின் இக்குறை உடனே தெரியும், வெள்ளையிலோ ஒளிந்துகொள்ளும்.

பின்னர்தான் ஆராய்ந்தோம். சுவருக்குப் பூசும் நீர்க்கலவை அடிப்பூச்சு யாவற்றிலும் மலிவானது. ஆயின் அது சுவரின் நுண்துளைகளை மூடுவதற்கென்றே தடிப்பாகச் செய்யப்பட்டது. மாதிரியின் நுண்ணிய கோடுகளையும் கூசாமல் மூடிவிடும். மேலும், மலிவான வெள்ளையிற் பெரும்பங்கு சுண்ணக்கல் தூளாக இருக்கும். அத்தூளின் முறிவுச் சுட்டி ஏறக்குறைய 1.6, அதைப் பிணைக்கும் பசையினுடையது 1.5. இரண்டும் அண்மித்திருப்பதால் ஒளி பெரிதும் சிதறாமல் ஊடுருவிச் செல்கிறது. தைத்தேனியம் டயொக்சைட் என்னும் வெள்ளைக்கோ அது 2.5க்கும் மேல், ஆகவே மெல்லிய பூச்சே அடியிலுள்ளதை மறைக்கிறது. மலிவு வெள்ளையில் ஐந்து பூச்சுத் தேவைப்படும் இடத்தில் நல்ல வெள்ளையில் இரண்டு போதுமாயின், எது சிக்கனம்?

திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையிலுள்ள கருமணலில் இவ்வெள்ளையின் மூலப்பொருளான இல்மனைற்றும் ரூடைலும் நிறைந்திருக்கின்றன. அம்மணல் பல்லாண்டுகளாகக் கப்பலேறிப் போகிறது. வெள்ளைத் தூளாகவும் தீந்தையாகவும் நாம் விலைகொடுத்து வாங்குகிறோம். 2022ஆம் ஆண்டில் எமது ரூபாய் சரிந்தபோது அவ்விலை எவ்வளவு உயர்ந்ததென்பதை வாசகர்கள் அறிவர்.

முடிவில், மாதிரிகளுக்கென்றே செய்யப்பட்ட நீர்க்கலவை அடிப்பூச்சையே வாங்கினோம். ஸ்பெயின் நாட்டு வலேயோ நிறுவனத்தின் பூச்சு சிறிதும் பெரிதுமான போத்தல்களில் வருகிறது. போத்தலின் விலையைப் பாராமல் ஒரு மில்லிலீற்றருக்கு என்ன விலையென்று வகுத்துப் பார்த்தால் பெரியதே மலிவு. மருமகனும் நண்பர் இருவரும் 200 மில்லிலீற்றர்ப் போத்தலொன்றைப் பங்கிட்டுக்கொண்டனர். முழு பஸ்வண்டிக்கும் செலவானது ஏறக்குறைய 25 மில்லிலீற்றரே.

கூரையை வெட்டியகற்றிப் புதிதாக அமைக்க இரண்டு வாரங்கள் சென்றன. இம்முறை சவர்க்கார நீரில் கழுவிக் கைப்பசை போக்கி, நன்கு உலரவிட்டோம். தூரிகையின் துளை 0.4 மில்லிமீற்றர். வெயிலேறிய முற்பகலில், மூக்கையும் வாயையும் மூடும் கவசம் அணிந்து, நான்கு விரற்கடைக்குச் சற்றுக் கூடிய தூரத்திலிருந்து தூவினான். முதற் பூச்சு நெற்றியில் விபூதி பூசியதுபோல் அடி தெரியும்படி இருக்கவேண்டும். அது உலர்ந்தபின்பே அடுத்தது. தூரிகையை உடனே கழுவினான். உலர்ந்த பூச்சு துளையை அடைத்தால் புதிய ஊசியும் முனையும் வாங்க நேரும். ஒருநாள் முழுதும் காயவிட்டு, மெல்லிய அரத்தாளால் நீர்தொட்டுத் தேய்த்தான்.

வண்டியே வெள்ளைத் தகடாயிற்றே, மீண்டும் வெள்ளை எதற்கென்று தங்கை கேட்டாள். இணைப்புகளை நிரப்பிய பசை சாம்பல்நிறம். சிவப்பு ஒளியூடுருவும் நிறம். சாம்பலின் மேல் மங்கும், வெள்ளையின் மேல் ஒளிரும். கண்டிச் சித்திரக்காரர் இதை நன்கறிந்திருந்தனர். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747-1782) காலத்தில் தொடங்கப்பெற்ற தெகல்தொறுவைக் குகை விகாரை, நகரிலிருந்து மகாவலியைக் கடந்து செல்லும் அண்மைத் தூரத்திலேயே உள்ளது. அங்கே சிவந்த பின்னணியில் சாதகக் கதைகள் இன்றும் ஒளிர்கின்றன. கண்டி ஓவியர் சுவரிலே முதலில் வெண்மண்ணைத் தளமாகப் பூசி அதன்மேலேயே வண்ணந் தீட்டினர். அவர்தம் தொழில்முறைகளை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளிவந்த தமது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விரிவாக எழுதிவைத்துள்ளார்.

திவசத்தன்று அத்தானின் படத்தருகே சின்னஞ்சிறு செந்நிற பஸ்வண்டி நின்றது. அவரோடு பணிபுரிந்த நடத்துநர் ஒருவர் அதைக் குனிந்து நெடுநேரம் பார்த்து, "அதே சிவப்பு" என்றார். மருமகன் எம்மைப் பார்த்துச் சிரித்தான். அடியிலுள்ள வெள்ளையைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

எம்மிடம் எஞ்சிய லாக்கர்ப் பேணி இன்னும் இருக்கிறது. வீட்டு இரும்புக் கேற்றுக்கு அடிக்கலாமென்று வைத்திருக்கிறோம், மழை ஓய்ந்தபின்.