தும்புத்தடியால் தள்ளிய ஃபேன்



எங்கள் வீட்டுக் கூடத்து ஃபேன் சில மாதங்களாகவே மெதுவாகச் சுற்றியது. பிறகு ஒரு நாள் சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகியதே தவிர, அசையவில்லை. மகன் தும்புத்தடியால் இறக்கையை ஒரு தள்ளுத் தள்ளினான்; சுற்ற ஆரம்பித்தது. அதன்பின் தும்புத்தடி கூடத்திலேயே குடியிருக்கத் தொடங்கியது. உங்களில் சிலரது வீட்டிலும் இந்தக் காட்சி உண்டென்று எனக்குத் தெரியும்.

மோட்டர் எரிந்துவிட்டது, புது ஃபேன்தான் வாங்க வேண்டும் என்று நினைத்தேன். கட்டுகஸ்தோட்டையில் ரேடியோ திருத்தும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஹஸரத், மோட்டர் நல்லாத்தான் ஈக்கிது. கப்பாசிட்டர்தான் மௌத்து" என்றார். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கழற்றி, அதே போன்ற இன்னொன்றைப் பூட்டினார். ஃபேன் பறந்தது.

அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் அதைவிட மெல்லிய உலோகப் பூச்சு. இப்படி இரண்டு தாள்களைச் சேர்த்துப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். அது கரண்டைக் கொஞ்சம் பிடித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும்.

ஃபேனுக்கு இது எதற்கு? 1985 இல் திறக்கப்பட்ட நம் விக்டோரியா மின் நிலையத்திலிருந்து வந்தாலும் சரி, வேறெங்கிருந்து வந்தாலும் சரி, நமது வீட்டுக் கரண்ட் ஒரு செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. ஊசலாடும் ஒன்றுக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாது. ஆகவே மோட்டருக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் வைத்து, ஒன்றுக்குக் கரண்ட் கப்பாசிட்டர் வழியாகப் போகும்படி செய்திருக்கிறார்கள். அதனால் இரு சுருள்களிலும் கரண்ட் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வராது. ஒன்று முந்தும், மற்றது பிந்தும். இருவர் ஆட்டுக்கல்லை மாறி மாறித் தள்ளுவது போல. அப்போதுதான் காந்த விசை வட்டமாகச் சுழன்று இறக்கையை இழுத்துச் செல்கிறது. கப்பாசிட்டர் செத்த ஃபேனைத் தடியால் எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கமே அது சுற்றப் பார்க்கும்.

உலோகப் பூச்சு நாளடைவில் பொட்டுப் பொட்டாக எரிந்து போவதால் கப்பாசிட்டரின் பலம் குறைகிறது. ஃபேன் மந்தமாவது அதனால்தான். மாற்றும்போது பழையதில் எழுதியிருக்கும் அதே எண்ணையே, 2.5 என்றால் 2.5 மைக்ரோ ஃபாரட்டையே வாங்குங்கள். பெரிதாகப் போட்டால் காற்று கூடும் என்று நம்பினால் சுருள்தான் சூடேறும். சுவிட்சை அணைத்த பிறகும் கப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கலாம். ஏணி மேல் நிற்கும்போது சிறு அடியே போதும், கீழே விழுவதற்கு. தெரிந்தவர் கையில் விடுங்கள்.

நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. அன்று வேலை முடிந்ததும் அவர் எங்கள் ட்ரிப் சுவிட்சிலுள்ள சிறிய பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. நெம்பைக் கையால் கீழே இறக்கினார். அப்போதும் லைட் எரிந்துகொண்டேயிருந்தது!

எட்டு மாதங்களுக்கு முன் அந்தச் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்று ஒருவரை அழைத்திருந்தோம். அவர் திருத்தவில்லை, அதைச் சுற்றி வயரைப் போட்டு இணைத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். கரண்ட் போகாததால் நாங்களும் சந்தோஷப்பட்டோம். அந்த எட்டு மாதமும் என் மனைவி ஈரத் தரையில் வெறுங்காலுடன் கேத்தல் போட்டிருக்கிறார்.

ட்ரிப் சுவிட்சுக்குள் ஓர் இரும்பு வளையம் உண்டு. வீட்டுக்குள் போகும் வயரும் திரும்பி வரும் வயரும் அதனூடாகச் செல்கின்றன. போனது அவ்வளவும் திரும்பி வந்தால் அமைதி. கொஞ்சம் ஒருவர் உடல் வழியாக நிலத்துக்குப் போய்விட்டால் கணக்கு உதைக்கும். வளையத்தில் காந்தம் பிறந்து கொக்கியைத் தட்டிவிடும். வீடுகளில் வழக்கமாகப் பூட்டுவது 30 மில்லி அம்பியர் வித்தியாசத்துக்குள் விழுந்துவிடும். பழைய 60 வாட் குமிழ் இழுப்பது சுமார் 260. அந்தப் பொத்தான் செய்வதும் இதைத்தான்: உள்ளே ஒரு சிறிய ரெசிஸ்டர் வழியாக வேண்டுமென்றே கொஞ்சம் கரண்டைக் கசியவிட்டுச் சோதிக்கிறது. மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றே ஆளை அழையுங்கள். இரண்டு வயரையும் ஒருசேரப் பிடித்தவரை இந்தச் சுவிட்ச் காப்பாற்றாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இடி முழக்கத்தின்போது அது விழுவது நம் மலைநாட்டில் சாதாரணம். மற்ற நேரங்களில் அடிக்கடி விழுந்தால் எல்லா பிளக்குகளையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். வயரை அகற்றிச் சுவிட்சைச் சரி செய்த பின் நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். ஃபிரிஜ்ஜுக்கு விழவில்லை, அயனுக்கு விழவில்லை. கேத்தலைச் செருகியதும் 'டக்' என்று விழுந்தது.

ஃபோன் சார்ஜர் ஏன் சூடாகிறது என்று கம்பளைச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ்.