மரம் போனாலும் பாலம் இருக்கட்டும்

நியூயார்க் மாநிலத்தில் நார்த் ப்ளென்ஹைம் என்றொரு சிற்றூர். அங்கே ஸ்கோஹேரி ஓடையின் மேல் 1855-ல் நிக்கலஸ் பவர்ஸ் என்ற தச்சர் மரத்தாலேயே ஒரு பாலம் கட்டினார். ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. ஏறத்தாழ 210 அடிக்கு முக்கோணம் முக்கோணமாகப் பூட்டிய சட்டங்கள்தான் மொத்தப் பாரத்தையும் இரு கரைகளில் இறக்கின. உள்ளே இரண்டு வண்டித்தடங்கள். நடுச்சட்டத்தின் பெரிய வளைவு கூரை முகடுவரை எழும்பி நிற்கும். கூரை அழகுக்காக அல்ல, மழையிலும் பனியிலும் மரம் உளுத்துப்போகாமல் இருக்க. 2011 ஆகஸ்ட் 28 அன்று ஐரீன் புயல் வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி கட்ட மத்திய அரசின் நிதி முதலில் மறுக்கப்பட்டது. மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் கிடைத்தது. பழைய மரமே போனபின் புதுப்பாலத்தில் என்ன வரலாறு என்று கேட்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மூட்டுகளை இன்றைய தச்சர்கள் தம் கையால் பூட்டிப் பழகுவதும் வரலாற்றைக் காப்பதுதான். 2018-ல் முன்பைவிட உயரத்தில் பாலத்தை எழுப்பிவிட்டார்கள். செலவழித்த பணம் வீணில்லை.