செத்த கோரை விட பொய் சொல்லுற கோர்தான் ஆபத்து



இந்த வாரம் பழைய சேர்வர்களைப் பற்றிக் கதைச்சோம். இரண்டு புரொசசர், நிறைய கோர், கொஞ்சக் காசு. சீசாவில இருக்கிற எங்கட சின்ன வீடுகளிலயும் ஒரு மூலையில் வைக்கலாம். "அதில ஒரு கோர் பழுதாப் போனா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறீங்கள். பழுது தெரிஞ்சால் பயமில்லை. தெரியாமல் ஓடினால்தான் பயம். இதுதான் என் கருத்து.

தெரிஞ்ச பழுதுக்கு மருந்து எப்பவோ வந்திட்டுது. 1976இல் விற்பனைக்கு வந்த டாண்டம் நான்ஸ்டொப் கொம்பியூட்டர்களில், ஒவ்வொரு புரொசசரும் "நான் உயிரோட இருக்கிறன்" என்று மற்றவற்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். தன்னில் பிழை கண்டால் உடனே நின்றுவிடும். செய்தி நின்றதும் இன்னொன்று அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். இன்று லினக்ஸிலும், சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கோரை மட்டும் ஓஃப் பண்ணலாம். ரீஸ்டார்ட் செய்தால் அது திரும்ப வந்துவிடும் என்பதை மட்டும் மறக்காதீங்கள்.

ஆனால் நிற்காமல் பொய் சொல்லுற கோரை என்ன செய்யிறது? 2021இல் பேஸ்புக் பொறியாளர்கள் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சுருக்கி வைத்த கோப்புகளை விரிக்கும்போது சில காணாமல் போயின. தேடிப் பார்த்தால் குற்றவாளி ஒரு சேர்வரின் 59ஆம் கோர். 1.1இன் 53ஆம் அடுக்கு, முழு எண்ணாக, 156. அந்தக் கோர் 0 என்றது. 52ஆம் அடுக்குக்கு மட்டும் 142 என்று சரியாகச் சொன்னது! கோப்பின் அளவு 0 என்று வந்ததால் மென்பொருள் அதை விரிக்காமலே விட்டுவிட்டது. எச்சரிக்கை ஒன்றுமே இல்லை. அதே ஆண்டு கூகுள் பொறியாளர்களும், பல ஆயிரம் இயந்திரங்களுக்குச் சில கோர்கள் இப்படி இருப்பதாக எழுதினார்கள்.

"அது பெரிய கொம்பனிகளின்ர பிரச்சினை" என்று சிலர் சொல்லுவீங்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டன். அவர்களிடம் தேடிப் பிடிக்க ஆட்கள் இருக்கினம். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பெட்டி. அதுக்குள்ள அம்மா அப்பாவின் கலியாணப் படங்கள். இடம்பெயர்ந்தபோது அல்பம் தொலைந்த வீடுகளில் மிஞ்சியது அந்த ஸ்கான் மட்டும்தான். பழுதான கோப்பை பக்கப்பும் அப்படியே பழுதாகவே கொப்பி பண்ணும். ஈசிசி மெமரி நல்லதுதான், ஆனால் கோர் விடுற கணக்குப் பிழையை அது பிடிக்காது.

அதனால், ஸ்கான் பண்ணின அன்றே ஒவ்வொரு படத்துக்கும் செக்சம் எடுத்து வேறொரு கொம்பியூட்டரில் வையுங்கோ. மாதம் ஒருமுறை, அந்த மற்றக் கொம்பியூட்டரிலேயே ஒப்பிட்டுப் பாருங்கோ. தன்னைத் தானே சரி என்று சொல்லுற இயந்திரத்தின் சாட்சி செல்லாது. பிழை வந்தால் கோர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, பொய் சொல்லுறதை மட்டும் நிறுத்துங்கோ. முழுச் சேர்வரையும் குப்பையில போடத் தேவையில்லை.

உங்கட வீட்டுப் படங்களுக்குச் செக்சம் இருக்கா? இல்லையென்றால் இந்த ஞாயிறே தொடங்குங்கோ.