ஜப்பான் பிரயாணக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையில் வெளிவந்த ஜப்பான் பிரயாணக் கட்டுரை, ஆலயங்களையும் செர்ரி மலர்களையும் வெகு ரசனையோடு வர்ணித்ததெனினும், மடிக்கணினியும் காமிராவும் சுமந்து செல்லும் இக்காலத்துப் பிரயாணிக்கு அத்தியாவசியமான செலவுக் கணக்கை ஒரே வரியில் கடந்துவிட்டது பற்றிச் சில வார்த்தைகள் எழுத அனுமதி வேண்டுகிறேன்.

ஏழு நாள் ரயில் பாஸை வாங்கிவிட்டால் சிக்கனம் தானே வந்து சேரும் என்ற அபிப்பிராயம், சாதாரண வகுப்புக்கு அதன் விலை 29,650 யென்னாக இருந்த காலத்துக்குப் பொருந்தும். 2023 அக்டோபரில் அது 50,000 யென்னாக உயர்ந்துவிட்ட பிறகு, டோக்கியோவிலிருந்து கியோட்டோ சென்று திரும்பச் சுமார் 28,000 யென்னே ஆகுமாதலால், அவ்விரு நகரங்களோடு திருப்தியடைகிறவர் தனி டிக்கெட் வாங்குவதே உசிதம். கடையில் கார்டை நீட்டும்போது, ரூபாயில் செலுத்தலாமா என்று இயந்திரம் உபசாரமாகக் கேட்டாலும் யென்னையே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த உபசாரத்துக்கான கூலி பெரும்பாலும் மாற்று விகிதத்திலேயே அடங்கியிருக்கும்.

மின்சார விஷயமோ விசித்திரமானது. அங்கே 100 வோல்ட். அதிலும் டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸ், ஒஸாகாவில் 60. கைப்பேசி, மடிக்கணினி சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவையாதலால், தட்டையான இருமுனை அடாப்டர் போதும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி அங்கே சரிவரச் சூடேறாது. பவர் பேங்கைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர் மணி என்பது சுமார் 74 வாட் மணியே, விமானங்களில் பொதுவாக அனுமதிக்கப்படும் 100 வாட் மணிக்கு உட்பட்டதுதான்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்