பாப்பா யார்?

எங்கள் குழந்தைநல வெளிநோயாளர் பிரிவுக்குச் சில வாரங்களுக்கு முன் இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி சளித் தொல்லையோடு வந்திருந்தாள். தாய்க்கு எட்டாம் மாதம். "பாப்பா எங்க இருக்குன்னு டாக்டருக்குக் காட்டு" என்றார் உடன் வந்த பாட்டி. சிறுமி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். "நீ இல்லடி, அம்மா வயித்துல இருக்கிற பாப்பா" என்று பாட்டி திருத்தியதும் அவள் முகம் வாடிவிட்டது. நாங்கள் சிரித்திருக்கக் கூடாது என்பது பிறகுதான் உறைத்தது.

அவள் காட்டியதே சரி. 'நான்' என்ற சொல் கைவருவதற்கு முன், வீட்டார் எப்படி அழைக்கிறார்களோ அப்படியே குழந்தை தன்னைச் சொல்லிக்கொள்கிறது. "பாப்பாவுக்குத் தண்ணி", "பாப்பா செருப்பு" என்று அவள் இத்தனை நாள் பேசியதெல்லாம் தன்னைப் பற்றித்தான். இப்போது அந்தப் பெயர் கண்ணுக்குத் தெரியாத வேறொருவருக்குப் போகிறது. அவளுக்கு 'அக்கா' என்ற புதுப் பெயர் வருகிறது. பெரியவர்களுக்கு அது பதவி உயர்வு. அவளுக்கு அப்படித் தோன்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 'பாப்பா' அவளிடமே இருக்கட்டும் என்பது எங்கள் கருத்து. வரப்போகும் குழந்தையைக் 'குட்டி' என்றோ, வீட்டாருக்குப் பிடித்த வேறு பெயராலோ அழைக்கலாம். 'அக்கா' மெதுவாக வந்து சேரட்டும்.

ஏறத்தாழ ஒரு வயதில் முதல் சொல் வருகிறது. இரண்டு வயதில் பெரும்பாலான குழந்தைகளிடம் 50 சொற்களாவது இருக்கும். "அம்மா வா", "பால் வேணாம்" என்று இரண்டிரண்டாக இணைக்கவும் தொடங்கிவிடுவார்கள். ஆனால் பேசுவதைவிடப் பன்மடங்கு புரிந்துகொள்கிறார்கள். கேலி மட்டும் இந்த வயதில் புரியாது. "தம்பி வந்துட்டா உன்னை யாரும் தூக்க மாட்டாங்க" என்று எங்கள் காத்திருப்புக் கூடத்திலேயே உறவினர்கள் விளையாட்டாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். குழந்தை அதை அப்படியே நம்பிவிடுகிறது.

இன்னொரு வழக்கத்தையும் நாங்கள் வன்மையாக மறுக்கிறோம். "தம்பியா, தங்கச்சியா?" என்று குழந்தையிடம் குறி கேட்பது. இந்த வயதுக் குழந்தைகள் கடைசியாகக் காதில் விழுந்த சொல்லையே பெரும்பாலும் திருப்பிச் சொல்வார்கள். கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள், விடையும் மாறும். "தங்கச்சி" என்றதும் சுற்றியிருப்பவர்களின் முகம் சுருங்கினால், புதிதாகக் கற்ற சொல்லோடு அந்தச் சுருக்கத்தையும் அவள் கற்றுக்கொள்கிறாள். அவளும் ஒரு பெண் குழந்தைதானே? கருவின் பாலினத்தை வெளியிடுவதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவர்களுக்குத் தடை செய்திருக்கிறது. அந்த வேலையை இரண்டு வயதுக் குழந்தையிடம் ஒப்படைக்க வேண்டாம்.

அடுத்த குழந்தையின் வரவால் மூத்தது வாடுவது மருத்துவத்துக்குப் புதிதல்ல. 'குவாஷியோர்கர்' என்னும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டு நோயின் பெயர், இன்றைய கானா நாட்டின் கா மொழியிலிருந்து வந்தது. அடுத்த குழந்தை வரும்போது முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். அங்கே பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1935இல் அச்சொல்லை மருத்துவ இதழில் எழுதினார். தாய்ப்பால் மறந்து மெலிந்த பிள்ளையை நம் வீடுகளில் 'சவலை' என்றார்கள்.

இன்று நாங்கள் காணும் சவலை பெரும்பாலும் பேச்சில்தான். தாய் களைத்துப் படுத்திருக்கிறார். வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்துவிட்டதால் தந்தையின் குரல் வாரத்துக்கு ஒருமுறைதான் கேட்கிறது. மிச்ச நேரத்துக்குக் கைபேசி. இரண்டு வயதுக் குழந்தைக்குத் திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது; அதிலும் குறைவே நல்லது. திரை தானாகப் பேசிக்கொண்டே போகும், குழந்தையின் பதிலுக்காகக் காத்திருக்காது. தாத்தாவோடு மாட்டைப் பார்த்து, கோழியைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்லிக்கொண்டு நடக்கும் பத்து நிமிடம் எங்களுக்கு மேலானதாகப் படுகிறது.

பிரசவத்துக்குக் கிளம்பும்போது குழந்தை தூங்கும் நேரம் பார்த்து நழுவிச் செல்லாதீர்கள். "அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறேன். பாட்டி உன்கூட இருப்பாங்க. அம்மா திரும்பி வருவேன்" என்ற மூன்று வாக்கியங்கள் அவளுக்குப் புரியும். நள்ளிரவில் வலி வந்துவிட்டால், விழித்ததும் பாட்டி அதையே சொல்லட்டும்.

குழந்தை பிறந்த பின் மூத்தது சில நாள் மழலைக்குத் திரும்பலாம், படுக்கையை நனைக்கலாம். திட்ட வேண்டியதில்லை, அது தானே சரியாகும். ஆனால் இரண்டு வயதாகியும் இரு சொற்களை இணைக்காத குழந்தையையும், பேசிக்கொண்டிருந்த சொற்களை இழந்துவிட்ட குழந்தையையும் "ஏக்கம்தான், பிரசவம் முடியட்டும்" என்று தள்ளிப்போட வேண்டாம். பிரசவம் முடிந்ததும் கைக்குழந்தையின் வேலை வந்து சேரும். ஆறு மாதம், ஓராண்டு ஓடிவிடும். அப்படித் தாமதமாக வந்த குழந்தைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்குச் செவிப்பறையின் பின்னால் நீர் தேங்கிக் கேட்கும் திறன் மங்குவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அது பிடிவாதம்போலவே தெரியும். எனவே முதலில் செவித்திறன் சோதனை செய்வோம். அதற்கு ஊசி கிடையாது. நிறைமாதத் தாய்தான் அழைத்து வர வேண்டும் என்பதில்லை. தந்தையோ தாத்தாவோ வந்தால் போதும்.