சோன்டக்கா சாமிக்கு ஆகாதாம்!

போன ஞாயிறு எங்கள் செம்பூர் சொசைட்டியில் ஒரு பஞ்சாயத்து. கட்டடத்துக்குப் பின்னால், வெயில் எட்டிப் பார்க்காத ஈர மூலையில், பக்கத்து ஃப்ளாட் மராத்தி ஆஜி வைத்த சோன்டக்கா ஆளுயரம் வளர்ந்து வெள்ளை வெளேரென்று பூத்திருக்கிறது. அதை வெட்டிவிட்டு சிமெண்ட் போட்டு பைக் நிறுத்தலாமாம். பைக்குக்காக என்றால்கூட வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் நம்ம மாமி ஒருத்தர், "அது நம்ம பூவா என்ன? சாமிக்கு ஆகுமா, தலைக்கு ஆகுமா?" என்றாரே, அங்கேதான் எனக்கு சுர்ரென்று ஏறியது.

எது மாமி நம்ம பூ? கல்யாண மாலையில் கிலோ கணக்கில் கட்டுகிற சம்பங்கிக்குச் சொந்த ஊர் மெக்சிகோ. ஆயுத பூஜைக்கு வாசலில் தொங்குகிற செண்டுமல்லியும் மெக்சிகோதான். சாமந்தி சீனாக்காரி. இவர்களிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லையே?

சோன்டக்கா நம்ம இஞ்சி, மஞ்சள் குடும்பம். கிழக்கு இமயமலைச் சரிவு, வடகிழக்கு மாநிலங்கள், அங்கிருந்து சீனா வரை, மரநிழலிலும் ஓடைக்கரையிலும் தானாக முளைப்பது. வங்காளிகள் தோலன்சாப்பா என்பார்கள். தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு டாக்டராக 1768-ல் வந்தார் கோனிக் என்பவர், லின்னேயஸின் மாணவர். 1783-ல் 'ஹெடிகியம் கொரொனாரியம்' என்று இதற்குப் பெயர் வைத்தவர் அவர்தான். முதல் பாதி கிரேக்கம்: இனிமை, பனி. இரண்டாவது லத்தீன்: மாலைக்கு உரியது. மாலைக்கு ஆகுமா என்று கேட்கிறார் மாமி! கடல் தாண்டி கியூபாவுக்குப் போய் 1936-ல் தேசியப் பூவாகவே ஆகிவிட்டது. (ஹவாயிலும் பிரேசிலிலும் காட்டையே அடைக்கிற களை என்று திட்டு வாங்குகிறது. அது வேறு கணக்கு, மறைக்கவில்லை.)

என் அப்பா 1967-ல் மாட்டுங்கா மெஸ்ஸில் தங்கி டைப்பிஸ்ட் வேலை பார்த்தவர். 'லுங்கி ஹடாவ்' கூச்சலை இன்றும் சொல்வார். மாமியின் வீட்டுக்காரரும் அதே காலத்தில் வந்தவர்தான். வெளியூர் என்ற வார்த்தை மாமிக்குத் தெரியாததா?

மாட்டுங்காவில் மதுரை மல்லிக்குப் பேரம்கூடப் பேச மாட்டோம். ஆடி, ஆவணி மழையில் தாதர் மார்க்கெட்டில் சோன்டக்கா கட்டுக்கட்டாக வரும், திரும்பிப் பார்க்க மாட்டோம். மராத்திப் பெண்கள் கொண்டையில் ஒற்றைப் பூ செருகினால் ரயில் பெட்டியே மணக்கிறது. மொட்டைத் தண்ணீரில் போட்டு வையுங்கள், இருட்டும்போது விரியும். ஒரு நாள் வாழ்வுதான்.

தீர்மானம் அடுத்த மீட்டிங்குக்குத் தள்ளிப் போயிருக்கிறது. கிழங்கு வேண்டுபவர்களுக்கு ஆஜி ஒடித்துத் தருகிறாராம். பெரிய தொட்டியாகப் பாருங்கள். மதிய வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், இலை கருகிவிடும்.